இன்ஜின் மாற்றிய வண்டிக்குச் சரியான ஸ்பேர் எது?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எந்த வண்டி, எந்த வருஷம்?” இன்ஜின் மாற்றிய வண்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வியிலேயே சிக்கல் தொடங்கிவிடும். வண்டியின் பெயரைச் சொன்னால், கழற்றி வீசிய பழைய இன்ஜினுக்கான பாகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் இன்ஜினின் பெயரைச் சொன்னாலோ, வாங்கி வந்ததில் பாதி சரியாக உட்காரும், மீதி உட்காராது.

நான் முதலில் மாட்டிக்கொண்டது ஒரு வாட்டர் பம்பில். பழக்கதோஷத்தில் வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன். ஐந்து போல்ட் துளைகளில் நான்கு அச்சாகப் பொருந்தின. ஐந்தாவது மட்டும் ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. நான்கு பொருந்திய தைரியத்தில் ஐந்தாவதையும் எப்படியாவது மாட்டிவிடலாம் என்று அரை மணி நேரம் போராடினேன். பிறகுதான் பம்பைத் திருப்பி, உள்ளே இருக்கும் விசிறியைப் பார்த்தேன். பழைய பம்பில் அது ஒரு பக்கம் வளைந்திருந்தது, புதியதில் மறுபக்கம். மாட்டியிருந்தாலும் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றியிருக்காது. கடைக்காரர் மேல் தப்பே இல்லை. கேட்டதைத்தான் கொடுத்தார்.

பாகப் பட்டியல்கள் எல்லாம் ஒரே நம்பிக்கையில் கட்டப்பட்டவை. வண்டியின் பெயர், வருடம், மாடல் தெரிந்தால் உள்ளே என்ன இன்ஜின், என்ன கியர்பாக்ஸ், என்ன ரேடியேட்டர் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் வண்டிக்கு அது சரி. இன்ஜினை மாற்றிய நாளிலேயே அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. அதன்பிறகு அந்த வண்டி முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று எதுவும் கிடையாது. பாகத்துக்குப் பாகம் வேறு வேறு வண்டியின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையே.

சேஸிஸ் எண் என்ன சொல்லும், என்ன சொல்லாது

இன்றைய கார்களின் சேஸிஸ் எண் 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. இதற்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 3779. அமெரிக்காவில் 1981 மாடல் முதல் இது கட்டாயம். ஒன்று, பூஜ்யம் ஆகிய எண்களோடு குழம்பிவிடும் என்பதால் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இதில் பயன்படுத்துவதில்லை. வட அமெரிக்க வண்டிகளில் பத்தாவது இடம் மாடல் வருடத்தைச் சொல்லும். அங்கே பல வண்டிகளில் எட்டாவது இடத்தை வைத்து இன்ஜின் வகையையும் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் அது சொல்வது பிறந்த அன்று இருந்த இன்ஜினை. நேற்று மாட்டிய இன்ஜினைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இணையத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாகம் தேடும் தளங்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இன்ஜின் பாகங்களைப் பொறுத்தவரை நம் வண்டிக்கு அவ்வளவு துல்லியமாகவே தப்பான பதிலைத்தான் தரும். பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், கதவு, விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும் அதைத் தாராளமாக நம்பலாம்.

பிறந்த வீடு, புகுந்த வீடு, இரண்டுக்கும் நடுவே

பாகங்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்ஜின் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை ஒரு கூட்டம்: ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், ரிங், பேரிங், டைமிங் பெல்ட் அல்லது செயின், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வால்வ், ஆயில் பம்ப். இவற்றுக்கு அந்த இன்ஜின் முதலில் எந்த வண்டியில் இருந்ததோ அந்த வண்டியின் பெயரைச் சொல்ல வேண்டும். புகுந்த வீட்டுப் பொருள்கள் இன்னொரு கூட்டம்: பிரேக், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் முதலியவை. அவற்றில் எதுவும் மாறவில்லை.

மூன்றாவது கூட்டம்தான் படுத்தி எடுப்பது. ஒரு முனை இன்ஜினிலும் மறுமுனை வண்டியிலும் இருக்கும் பாகங்கள் அவை: இன்ஜின் மவுண்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச், செல்ஃப் மோட்டார், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பெட்ரோல் பம்ப், சைலன்சரின் முன்குழாய், ஏசி குழாய், ஒயரிங். இங்கே எந்த ஒரு வண்டியின் பெயரைச் சொன்னாலும் பாதிதான் சரியாக இருக்கும். நான்காவதாக ஒரு சின்னக் கூட்டமும் உண்டு. இன்ஜினை மாற்றியவர் தானே வெட்டி, வெல்டு வைத்து, லேத்தில் கடைந்து செய்தவை. அவை எந்தப் பட்டியலிலும் இருக்காது.

ஒரு பாகம் எந்தக் கூட்டம் என்று சந்தேகம் வந்தால் அதன் இரண்டு முனைகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இன்ஜினிலேயே முடிந்தால் பிறந்த வீடு. ஒன்று இன்ஜினிலும் ஒன்று வண்டியிலும் என்றால் நடுக்கூட்டம்.

இன்ஜினின் உண்மையான பெயர்

“டர்போ இன்ஜின் போட்டிருக்கிறேன்”, “2 லிட்டர் போட்டிருக்கிறேன்” என்பதெல்லாம் பெயர் ஆகாது. ஒரே நிறுவனத்தின் 2 லிட்டர் இன்ஜின்கள் நான்கைந்து வகை இருக்கலாம். உண்மையான பெயர் பிளாக்கில் குத்தியிருக்கும் இன்ஜின் கோடுதான், அதாவது அதன் குறியீடு.

பெரும்பாலும் பிளாக்கும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குப் பக்கத்திலோ, ஹெட்டுக்குச் சற்றுக் கீழேயோ, மட்டமாகச் சீவப்பட்ட ஒரு சிறு பட்டையில் அது இருக்கும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகு போல மூடியிருக்கும். துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, பித்தளைப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து அதன்மேல் இழுங்கள். குழிந்த எழுத்துகள் கறுப்பாகவும் மேல்பரப்பு வெள்ளையாகவும் எழும்பி வரும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால் நிழலில் எழுத்து இன்னும் தெளியும். எமரி தாளால் மட்டும் தேய்க்காதீர்கள். எழுத்தே தேய்ந்து போகலாம், பிறகு அது யாரோ எண்ணை அழிக்கப் பார்த்தது போலத் தோன்றும்.

கிடைத்த கோடைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்வது சுவாரசியமானது. டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ-யை எடுத்துக்கொள்வோம். ஜேஇசட் என்பது குடும்பப் பெயர். 2 என்பது அந்தக் குடும்பத்தில் எந்த உறுப்பினர் என்பது. நடுவிலிருக்கும் சிறு கோட்டுக்கு (-) அப்புறம் வரும் ஜி என்பது செயல்திறனுக்காக வடிவமைத்த இரட்டை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெட், டி என்பது டர்போ, இ என்பது எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன். அதே ஜி இருந்த இடத்தில் எஃப் இருந்தால், சிக்கனத்துக்கான குறுகிய கோண இரட்டை கேம். மிட்சுபிஷியின் 4ஜி63 என்பதில் 4 சிலிண்டர்களின் எண்ணிக்கை, ஜி பெட்ரோல். அதே இடத்தில் 4டி56 போல டி வந்தால் டீசல்.

நிசானின் எஸ்ஆர்20டிஇடி-யில் எஸ்ஆர் குடும்பம், 20 என்றால் 2.0 லிட்டர், முதல் டி இரட்டை கேம், இ இன்ஜெக்ஷன், கடைசி டி டர்போ. தமிழில் இரண்டுமே ‘டி’தான். ஆங்கிலத்தில் ஒன்று நான்காம் எழுத்து, மற்றது இருபதாம் எழுத்து. போனில் சொல்லும்போது பி, டி, வி, ஈ எல்லாம் காதில் ஒன்றுபோலவே விழும். அதனால் கோடை வாயால் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள், எடுத்த படத்தை அனுப்புங்கள்.

இன்னொரு எண் கண்ணில் படும், பெரியதாக, வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். அது வார்ப்பு எண். பலர் அதைத்தான் இன்ஜின் எண் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். ஒரே அச்சில் வார்த்த பிளாக்கை வேறு வேறு இன்ஜின்களாகக் கடைந்து எடுக்க முடியும். ஷெவர்லேயின் பழைய வி8 குடும்பத்தில் 327, 350 கன அங்குலம் என்று இரண்டு அளவுகள் உண்டு, இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம்தான். மாறுவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்: 3.25 அங்குலம், 3.48 அங்குலம். வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிஸ்டன் செட் வாங்கும்போதுதான் தெரியும்.

ஒரே கோடு, வேறு தலைமுறை

கோடு கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒரே கோடு பத்துப் பதினைந்து வருடம் உற்பத்தியில் இருந்தால் நடுவில் உள்ளே பல மாற்றங்கள் நடந்திருக்கும்.

4ஜி63-இல் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழையவற்றில் கிராங்க் ஷாஃப்ட்டில் ஃப்ளைவீலைப் பிடிக்கும் போல்ட்கள் 6, பிற்காலத்தவற்றில் 7. கோடு ஒன்றுதான், ஆனால் ஃப்ளைவீலை மாற்றிப் போட முடியாது. டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ-யில் 16 வால்வும் உண்டு, 20 வால்வும் உண்டு. 16 வால்வுக்குள்ளேயே இன்டேக் வாசல் பெரியது, சிறியது என்று இரண்டு வகை, அதனால் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் இரண்டு வகை. எஸ்ஆர்20டிஇடி-யில், நிசான் சில்வியா காரின் எஸ்13 என்ற தலைமுறைக் காலத்தது ஒன்று. அடுத்த தலைமுறைகளான எஸ்14, எஸ்15-இல் வந்தவற்றில் இன்டேக் கேமின் நேரத்தை மாற்றும் அமைப்பு உண்டு. ஆக ஹெட் பக்கத்துப் பாகங்களை மாற்றிப் போட முடியாது.

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசை வேறு எந்த இன்ஜினையும்விட அதிகமாக வேறு வண்டிகளுக்குக் குடிபோயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதில் முந்தைய தலைமுறையின் கிராங்க் சென்சார் படிக்கும் சக்கரத்தில் 24 பல் கணக்கு, பிந்தையதில் 58. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியும் அதற்கேற்றபடி மாறும். சக்கரம் பிளாக்குக்குள் இருப்பதால் பார்க்க முடியாது. ஆனால் கேம் சென்சார் பிளாக்கின் பின்பக்கம் மேலே இருந்தால் முந்தைய தலைமுறை, முன்பக்கம் டைமிங் கவரில் இருந்தால் பிந்தையது என்று ஓரளவு யூகிக்கலாம். ஓரளவுதான். இடையில் யாராவது கவரையோ கிராங்கையோ மாற்றியிருந்தால் யூகம் கவிழ்ந்துவிடும்.

ஆகவே கோடோடு கூட எந்த வண்டியிலிருந்து எடுத்தது, எந்த வருடம், எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தது, ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பதும் வேண்டும். இன்ஜினை விற்றவரிடம் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய தகவல் இது.

ஒரு நேரடி உதாரணம். வட அமெரிக்காவில் விற்ற நிசான் 240எஸ்எக்ஸில் தொழிற்சாலை போட்டது கேஏ24 இன்ஜின். ஜப்பானில் அதே உடம்போடு விற்ற சில்வியா, 180எஸ்எக்ஸ் வண்டிகளில் எஸ்ஆர்20டிஇடி வந்தது. அதை எடுத்து 240எஸ்எக்ஸில் போடுவது உலகம் முழுக்கப் பிரபலம். இப்போது டர்போ கேஸ்கெட் வேண்டுமென்றால் 240எஸ்எக்ஸ் என்று எத்தனை முறை தேடினாலும் வராது, அந்தப் பட்டியலில் டர்போவே கிடையாது. சில்வியா என்று தேடினால் வரும். பிரேக் பேடுக்கோ மறுபடியும் 240எஸ்எக்ஸ் என்றே தேட வேண்டும். ஒரே வண்டிக்காரர் ஒரே நாளில் இரண்டு வண்டிக்குச் சொந்தக்காரராகப் பேச வேண்டியிருக்கிறது.

கிளட்ச்: ஒரு பெட்டிக்குள் மூன்று சொந்தக்காரர்கள்

நடுக்கூட்டத்தில் கிளட்சைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கிளட்ச் செட் என்று ஒரே அட்டைப் பெட்டியில் விற்கிறார்கள். உள்ளே மூன்று பொருள்: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். கிளட்ச் பிளேட்டின் நடுவில் பல் வெட்டிய துளை இருக்கிறதே, அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் சறுக்கி உட்கார வேண்டும். ஆக நடுத்துளைக்கு எஜமான் கியர்பாக்ஸ். அதே பிளேட்டின் வெளிவிட்டம் ஃப்ளைவீலின் முகத்துக்குள் அடங்க வேண்டும். பிரஷர் பிளேட்டை ஃப்ளைவீலில்தான் போல்ட் போட்டு இறுக்குகிறோம், அதனால் அதன் துளைகளுக்கு எஜமான் ஃப்ளைவீல். ஃப்ளைவீலை இறுக்குவது கிராங்க் ஷாஃப்ட்டில், ஆக அதன் பின்பக்கத்துக்கு எஜமான் இன்ஜின். ரிலீஸ் பேரிங் கியர்பாக்ஸின் மூக்கில் ஓடுகிறது, ஆனால் அதன் உயரம் பிரஷர் பிளேட்டின் விரல்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வந்திருந்தால் கவலையில்லை. அந்த வண்டியின் பெயரைச் சொல்லி ஒரே பெட்டியாக வாங்கிவிடலாம். புது இன்ஜினைப் பழைய கியர்பாக்ஸோடு அடாப்டர் போட்டுச் சேர்த்திருந்தால் பெட்டியாக வாங்கவே கூடாது. மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஷெவர்லே உலகில் 1 1/8 அங்குல இன்புட் ஷாஃப்ட்டிலேயே 10 பல் ஒன்று, 26 பல் ஒன்று. வெளியே பார்க்க இரண்டு பிளேட்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பற்களை எண்ணிவிட்டுப் போனால் பத்து விநாடி வேலை. எண்ணாமல் போனால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் வேலை இரண்டு முறை.

கியர்பாக்ஸை இறக்கிய நேரத்திலேயே செல்ஃப் மோட்டாரையும் யோசித்துவிடுங்கள். அதன் பல் ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியரில் கடிக்க வேண்டும். அதன் உடம்பு சில வண்டிகளில் கியர்பாக்ஸின் மணி போன்ற முன்கூட்டிலும், சிலவற்றில் பிளாக்கிலும் போல்ட் ஆகும். ஷெவர்லேயின் பழைய சிறிய வி8-இல் ரிங் கியர் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு. சிறியதற்கு நேர்வரிசை போல்ட் உள்ள மோட்டார், பெரியதற்கு முன்பின்னாகத் தள்ளிய போல்ட் உள்ள மோட்டார். தப்பானதை மாட்டினால் பல் எட்டாமல் சும்மா சுற்றும், இல்லையென்றால் நெருக்கிக் கடித்துத் தேய்க்கும்.

அதே குடும்பத்தில் இன்னொரு வம்பு உண்டு. 400 கன அங்குல இன்ஜினின் சமநிலை எடையில் ஒரு பகுதி வெளியே, முன்பக்கப் புல்லியோடு இருக்கும் டாம்பரிலும் ஃப்ளைவீலிலும் இருக்கிறது. 1985 வரையான 350-இல் அப்படி இல்லை. 1986-இல் பின் ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே வளையமாக மாறியபோது கிராங்கின் பின்முகமும் மாறி, 350-இன் ஃப்ளைவீலுக்கும் எடை சேர்ந்தது. 400-இன் ஃப்ளைவீலைப் பழைய 350-இல் மாட்டினால் போல்ட் எல்லாம் அழகாக ஏறும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். பிறகு ஓட்டுபவர் பல் கிடுகிடுக்கும் அளவுக்கு ஆடும். பொருந்தியது என்பதை வைத்துச் சரியான பாகம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

மீட்டர் ஒன்று கேட்கும், கணினி ஒன்று கேட்கும்

ஒரே ஹெட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்பநிலை சென்சார் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று கணினிப் பெட்டிக்கு, மற்றது டேஷ்போர்டு மீட்டருக்கு. இன்ஜின் மாற்றிய வண்டியில் கணினி இன்ஜினோடு வந்தது, மீட்டர் வண்டியிலேயே இருந்தது. அதனால் முதல் சென்சாருக்கு இன்ஜினின் வண்டிப் பெயரையும், இரண்டாவதற்குப் பழைய வண்டியின் பெயரையும் சொல்ல வேண்டும். மீட்டருக்கான சென்சார் வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறுவதை வைத்து முள்ளை நகர்த்துகிறது. தப்பான தடை உள்ளதைப் போட்டால் இன்ஜின் கொதித்தாலும் முள் நடுவிலேயே நிம்மதியாக நிற்கும். ஆயில் பிரஷர் மீட்டருக்கும் இதே கதைதான். மரையளவு வேறாக இருந்தால் இடையில் ஒரு அடாப்டர் போட்டிருப்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பம்ப்பில் கணக்கு திரும்பிவிடுகிறது. அது இருப்பது வண்டியின் டாங்க்கில், ஆனால் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று தீர்மானிப்பது இன்ஜின். கார்ப்யுரேட்டருக்கு அரை பார் அழுத்தத்துக்கும் குறைவாகவே போதும். சாதாரண இன்ஜெக்ஷனுக்கு ஏறக்குறைய 3 பார், எல்எஸ் இன்ஜின்களுக்கு 4 பார். கார்ப்யுரேட்டர் வண்டியில் இன்ஜெக்ஷன் இன்ஜின் போட்டபின் பம்ப் கெட்டுப்போய், வண்டியின் பெயரைச் சொல்லிப் புதிது வாங்கினால் வண்டி முக்கி முனகி நின்றுவிடும். டாங்க்குக்குள் உட்காரும் வடிவத்துக்கு வண்டியையும், அழுத்தத்துக்கு இன்ஜினையும் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் ஹோஸுக்கு எந்த வண்டியின் பெயரும் பயன்படாது. இரண்டு முனையின் உள்விட்டமும் வளைவும்தான் முக்கியம். பழைய ஹோஸைக் கையில் எடுத்துப் போய், தொங்கும் ஹோஸ்களில் அதே வளைவு உள்ளதைத் தேடி, நீளத்தை வெட்டிக்கொள்வதே வழி. இன்ஜின் மவுண்ட் ரப்பர்களில் பெரும்பாலும் வண்டியினுடையதையோ இன்ஜினினுடையதையோ வைத்துக்கொண்டு, இடையிலிருக்கும் இரும்புப் பட்டையை மட்டும் புதிதாகச் செய்திருப்பார்கள். ரப்பரில் பதிந்த எண்ணைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பெயர் தெரியாவிட்டால் அளவு பேசும்

வாங்கிய வண்டியில் ஏற்கெனவே இன்ஜின் மாற்றியிருக்கிறது, செய்தவரை இப்போது பிடிக்க முடியாது. அப்படியானால் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிவிடுங்கள். நிறைய பாகங்கள் தன்மேலேயே தன் அளவை எழுதி வைத்திருக்கின்றன.

ஃபேன் பெல்ட்டில் 6பிகே1880 என்று இருந்தால், 6 வரிகள், பிகே என்ற வரி வடிவம், 1880 மி.மீ. நீளம். அவ்வளவுதான், வண்டிப் பெயரே வேண்டாம். எழுத்து அழிந்திருந்தால் புல்லிகளைச் சுற்றி ஒரு கயிற்றைப் பெல்ட் போகும் வழியிலேயே இழுத்து, குறி வைத்து, நீட்டி அளக்கலாம். இன்ஜினை மாற்றும்போது ஏசி கம்ப்ரசரையோ பவர் ஸ்டீயரிங் பம்பையோ கழற்றிவிட்டிருந்தால் எந்தப் பட்டியலின் நீளமும் ஒத்துவராது, கயிறுதான் கதி. ஆயில் சீலில் 35, 50, 8 என்று மூன்று எண் இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மி.மீ. கணக்கு. பேரிங்கில் 6203 என்றால் உலகின் எந்த மூலையிலும் 17 மி.மீ. துளை, 40 மி.மீ. வெளிவிட்டம், 12 மி.மீ. அகலம்.

ஸ்பார்க் பிளக்கில் என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்6இ-11 என்பதைப் பாருங்கள். பி 14 மி.மீ. மரை, கே 16 மி.மீ. ஸ்பேனர் அளவு, ஆர் ரெசிஸ்டர் உள்ளது, 6 வெப்ப எண், இ 19 மி.மீ. மரை நீளம், 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. மரை நீளம் கூடிப்போனால் பிஸ்டனில் இடிக்கக்கூடும். வெப்ப எண்ணில் ஒரு பொறி உண்டு. என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், போஷ்-இல் எண் கூடினால் சூடான பிளக். ஒன்றின் எண்ணை மற்றதில் தேடினால் நேரெதிராகப் போய்விடும்.

ஆயில் ஃபில்டரில் இன்னும் பெரிய பொறி. எம்20×1.5 என்ற மெட்ரிக் மரையும், முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை என்ற அங்குலக் கணக்கும் கண்ணுக்கு ஒன்றுதான். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ., ஆகவே மெட்ரிக் ஃபில்டர் அந்தக் குழாயில் லொடலொடவென்று ஏறிவிடும். பிடித்தது மாதிரி தெரியும். ஓடும்போது ஆயில் அழுத்தத்தில் கழன்றால் இன்ஜினே போய்விடும்.

திறந்து பழுது பார்த்த இன்ஜின் என்றால் சரியான கோடும் சரியான வருடமும் இருந்தும் தப்பான பாகம் வாங்க முடியும். கிராங்கைக் கடைந்திருப்பார்கள், சிலிண்டரை அகலப்படுத்தியிருப்பார்கள். பேரிங்கின் முதுகில் எஸ்டிடி என்று இருந்தால் ஆதி அளவு, 0.25 அல்லது 0.50 என்று இருந்தால் அவ்வளவு மி.மீ. கடைந்த கிராங்குக்கானது. அங்குலக் கணக்குக்காரர்கள் அதையே 010, 020 என்று எழுதுவார்கள். பிஸ்டன் தலையிலும் இதுபோல் எண் குத்தியிருக்கும். பல டீசல் இன்ஜின்களில் ஹெட் கேஸ்கெட்டின் ஓரத்தில் சிறு துளைகளோ வெட்டுகளோ இருக்கும், அவற்றின் எண்ணிக்கைதான் கேஸ்கெட்டின் தடிமனைச் சொல்லும். பழையதைக் கழற்றியதும் எறியாமல் துளைகளை எண்ணுங்கள்.

பாக எண்ணைப் படிக்கும் வித்தை

கையிலிருக்கும் பழைய பாகத்தில் தயாரிப்பாளர் எண் இருந்தால் பாதி துப்பு துலங்கிவிடும். டொயோட்டா எண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தாக வரும், முதல் ஐந்து என்ன பாகம் என்று சொல்லும். 13568 என்றால் டைமிங் பெல்ட், 16100 என்றால் வாட்டர் பம்ப். ஹோண்டாவில் முதல் ஐந்து பாகத்தின் பெயர், 15400 ஆயில் ஃபில்டர் என்பது போல. நடுவில் வரும் மூன்று எழுத்தில் அது எந்த இன்ஜின் அல்லது மாடலுக்காக முதலில் செய்யப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். ஃபோக்ஸ்வாகனில் 06ஏ 115 561 என்ற எண்ணின் நடு மூன்று 1-இல் தொடங்குவதால் அது இன்ஜின் பாகம். அதுவே 6-இல் தொடங்கினால் சக்கரமும் பிரேக்கும். எண்ணின் கடைசியில் வரும் எழுத்து மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அதே பாகத்தின் திருத்திய வடிவம்தான். ஆனாலும் பழையதற்குப் பதில் புதியது செல்லுமா என்று பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண் கிடைத்ததும் தலைகீழாகத் தேடுங்கள்: இந்தப் பாகம் எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும்? வரும் வண்டிப் பட்டியலில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருக்கும். அந்தப் பெயரை அந்தப் பாகத்துக்கு எதிரே எழுதிவிட்டால் அடுத்த முறை கடையில் கதை சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரரிடம் “இன்ஜின் மாற்றிய வண்டி” என்று தொடங்கினாலே அவர் முகம் மாறும். “இந்த வருடத்துச் சில்வியாவுக்கு வாட்டர் பம்ப்” என்று கேட்டால் நேராக எடுத்து வைப்பார்.

என் வண்டியில் இதற்கென்றே ஒரு சின்ன நோட்டு, டேஷ்போர்டு பெட்டியில். முதல் பக்கத்தில் இன்ஜின் கோடு, அது வந்த வண்டி, வருடம். அடுத்த பக்கங்களில் பாகத்துக்கு ஒரு வரி. வாட்டர் பம்ப், இன்ஜினின் வண்டி. மீட்டர் சென்சார், பழைய வண்டி. கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸின் வண்டி, பல் எண்ணிக்கை இவ்வளவு. மேல் ஹோஸ், வண்டிப் பெயர் இல்லை, 32-க்கு 38, பழையதைக் கொண்டு போக. சைலன்சர் முன்குழாய், செய்தது, வெல்டரிடமே போக. நோட்டில் இன்னும் காலியாக இருக்கும் ஒரே வரி ஆக்ஸிலரேட்டர் கேபிள். அது இதுவரை அறுந்ததில்லை.